மணிக்கட்டு

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, பதினொன்றாம் நம்பர் அறை.
மழையில் நனைந்த காக்கி ஒன்று
காகிதத்தை நீட்டியது.
"வயது நிர்ணயம், மேடம். சீக்கிரம் முடிச்சா நல்லது."

பெயர் லிபின். த/பெ. ஞானதாஸ், காலமானார்.
ஊர் களியலுக்கு மேலே, பஸ் திரும்பிவிடும் இடத்துக்கும் அப்பால்.
குற்றம்: ரப்பர் ஷீட், எட்டு.
வயது என்ற இடத்தில் பத்தொன்பது.
கேட்டு எழுதியதா, அண்ணாந்து பார்த்து எழுதியதா தெரியவில்லை.
அவன் உயரமே அவனுக்கு எதிரான முதல் சாட்சி.

பிறந்த இரவில் கோதையாறு கரை மறிந்து ஓடியதால்
நர்ஸ் வரவில்லையாம். பதிவும் வரவில்லை.
மூன்றாம் வகுப்போடு விட்ட பள்ளியை
வேறொரு பள்ளியோடு சேர்த்தபோது
பதிவேட்டில் பாதியைக் கறையான் படித்து முடித்திருந்தது.
அம்மாவுக்கு மட்டும் நாள் ஞாபகமிருக்கிறது:
"பெரிய மழைக்கு மறுவருசம், மேரிக்க பசு கன்னு போட்ட அன்னைக்கு."
ஆகவே எலும்பைக் கேட்கச் சொல்லியிருக்கிறது
இளைஞர் நீதிக் குழுமம்.

விலங்கைக் கழற்றச் சொன்னேன்.
"மாட்டப்பிடாதுண்ணு தெரியும். ஓடிருவான் மேடம்"
என்றபடியே ஏட்டு சாவியைத் தேடினார்.
கதிர் பாயும்போது அறையில் ஆள் நிற்கக் கூடாது.
சட்டத்தால் வெளியே அனுப்ப முடியாதவரை
ஈயக் கதவு அனுப்பியது.

இடது கையைக் கவிழ்த்து வைத்தான்.
நகக்கண்ணில் கறுத்த ஒட்டுகறை, ஆசிட் வாடை.
விடியுமுன் நெற்றி விளக்கோடு
முந்நூறு மரம் வெட்டுகிற கை.

"எத்தன வயசுலேருந்து பால் வெட்டுற?"
"பதினொண்ணு."
"ஷீட்ட எதுக்கு எடுத்த?"
"ரெண்டு மாசக் கூலியாக்கும் அது. கேட்டேன், தரல்ல."
கொஞ்சம் கழித்து, "இது நோவுமா அக்கா?"
"நோவாது. அசையாம இருக்கணும்."
அசையாமல் இருக்க அவனுக்குத் தெரிந்திருந்தது.
யாரோ நன்றாகவே பழக்கியிருந்தார்கள்.

திரையில் வந்தது.
ஆரை எலும்பின் நுனியில் இன்னும் மூடாத கறுப்புக் கோடு;
வளர்ச்சி போய்வருவதற்காக
உடம்பு திறந்தே வைத்திருக்கும் இடுக்கு.
பத்தொன்பதில் இத்தனை அகலம் இருக்காது.
டாக்டர் எழுதுவார்: பதினைந்து முடிந்தது, பதினேழு ஆகவில்லை.
அந்த ஒற்றை வரியில்
ஒருவன் மறுபடியும் சிறுவன் ஆவான்.

ஆனால் நான்கு விரல் மேலே,
சுண்டுவிரல் பக்கத்து எலும்பில்
குறுக்கே ஒரு கீறல். புதிது.
இருபத்திரண்டு வருடமாகப் படம் எடுக்கிறேன்.
விழுந்த கையும், தலைக்கு வந்த அடியைத் தடுத்த கையும்
ஒரே இடத்தில் உடைவதில்லை.

காகிதத்தை மறுபடி படித்தேன்.
கேட்டது வயது. வேறெதற்கும் கட்டம் இல்லை.
ஷீட்டை ஒன்றுவிடாமல் எண்ணியவர்கள்
பதினொரு வயதுக் கையில் கத்தியைக் கொடுத்தவரை
எங்கும் எழுதியிருக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை.
எனக்குக் கருத்துச் சொல்ல அனுமதியில்லை.
பிளேட்டை மாற்றினேன்.
"கைய சரிச்சு வை மக்கா. முட்டு வரைக்கும்."
"இன்னொண்ணா?"
"இன்னொண்ணு."

கதவு தட்டப்பட்டது. "முடிஞ்சுதா மேடம்?"
"படம் தெளிவா விழல்ல."
இந்த அறையில் நான் சொன்ன பொய்களில்
இதை மட்டும் யாராவது குறித்து வைக்கட்டும்.

உறையின் மேல் தேதி, நேரம், இடது கை.
படங்களின் எண்ணிக்கை: 2.
இரண்டின் கீழே பேனா கிழிக்கும் அளவுக்கு ஒரு கோடு.

விலங்குக்கு அவனாகவே வலது கையை நீட்டினான்.
வாசலில் திரும்பி,
"அப்ப எனக்கு எத்தன வயசு?"

அதை எழுதவேண்டியவர் மாடியில் இருந்தார்.
அடுத்த டோக்கன், தெங்கிலிருந்து விழுந்தவர்,
ஸ்ட்ரெச்சரில் உள்ளே வந்துகொண்டிருந்தார்.